குடிசன் பார்க்கை விட்டு வந்த பிறகு: பழைய கால்பந்து மைதானங்களில் நாம் இழப்பது எதை?

நெய்தலூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் பிறந்து வளர்ந்த நான், வேலையின் பொருட்டு எட்டு ஆண்டுகளாக லிவர்பூல் நகரை ஒட்டி வசித்து வருகிறேன். எவர்ட்டன் கழகம் 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கில், அதன் ஆண்கள் அணிக்குக் கடைசிப் பருவமாக அமைந்த 2024-25இல் மூன்று ஆட்டங்களை நேரில் பார்த்தேன். அடுத்த பருவம் தொடங்கிய பிறகு, மெர்சி ஆற்றங்கரையில் பிராம்லி மூர் என்ற பழைய கப்பல்துறையை மணலால் தூர்த்து அதன்மேல் எழுப்பியிருக்கும் ஹில் டிக்கின்சன் அரங்கிலும் இரண்டு ஆட்டங்கள் பார்த்துவிட்டேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த நாளிலிருந்து ஒரு கேள்வி மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால் கேட்கிறேன்.

முதலில் நான் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். குடிசனில் எனக்குக் கிடைத்தது புல்லன்ஸ் ரோடு மாடத்தின் மேல்தளத்தில், மரத்தால் ஆன பழைய மடக்கு நாற்காலி. எனக்கும் வலப்பக்கக் கோல்கம்பத்துக்கும் நடுவே, கூரையைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று நின்றது. பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் இடப்புறம் சாய்வேன். எனக்கு அடுத்து இருந்த முதியவரும் அதே கணத்தில் சாய்வார். அவருக்கு அப்பால் இருந்த பேத்தியும் சாய்வாள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், காற்றடித்த நாற்றங்கால்போல வரிசை முழுவதும் வளைந்து நிமிரும். கார்னர் கிடைத்தால் எல்லோரும் எழுவார்கள். நூற்றுக்கணக்கான நாற்காலிகள் ஒரே நேரத்தில் மடங்கும் ஓசையும் காலடியில் பலகை அதிர்வதும் கூச்சலுக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும்.

மைதானத்தின் ஒரு மூலையில், இரண்டு மாடங்களுக்கு இடையே, தூய லூக்கா தேவாலயம் நிற்கிறது. ஆட்டத்துக்கு முன் அதன் கூடத்தில் தேநீர் குடித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். கிளாடிஸ் தெருப் பக்கம் வெளியேறினால், மாடத்தின் சுவருக்கும் எதிர்வரிசை வீடுகளின் வாசற்படிக்கும் இடையே இருப்பது ஒரு குறுகிய தெரு மட்டும். ஆட்டம் முடிந்து நாங்கள் வெளியே வந்தபோது, ஒரு வீட்டின் முன்னறையில் விளக்கெரிய, ஓர் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

புதிய அரங்கைக் குறைசொல்ல என்னிடம் அதிகம் இல்லை. 52,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். எங்கிருந்து பார்த்தாலும் களம் முழுவதும் தெரிகிறது. தெற்கு மாடம் ஏறத்தாழ 13,000 பேரை ஒரே அடுக்கில், கோலின்மேல் கவிந்ததுபோல் அமர்த்துகிறது. குடிசன் மாடத்தின் முகப்பில் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பொறியாளர் வைத்த குறுக்குநெடுக்குக் கம்பி வடிவத்தைப் புதிய அரங்கின் செங்கல் சுவரிலும் மறக்காமல் இழைத்திருக்கிறார்கள். குடிசன் திறக்கப்பட்ட அதே ஆகஸ்ட் 24ஆம் தேதியில்தான், 133 ஆண்டுகள் கழித்து, புதிய அரங்கின் முதல் லீக் ஆட்டம் நடந்தது. பழைய மைதானத்தில் ஆண்கள் அணியின் கடைசிக் கோலை அடித்த இலிமான் என்டியாயேதான் புதியதில் முதல் கோலையும் அடித்தார். இவ்வளவு அக்கறையோடு ஓர் அணி இடம்பெயர்ந்ததை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இருந்தும், புதிய அரங்கிலிருந்து திரும்பும்போது ஆட்டம் மட்டுமே நினைவில் இருந்தது. குடிசனிலிருந்து திரும்பியபோது அந்த இடமே என்னோடு வீட்டுக்கு வந்தது. நான் அந்த ஊரில் வளர்ந்தவன் அல்லன். அப்பாவின் தோளில் உட்கார்ந்து அங்கே ஆட்டம் பார்த்தவனும் அல்லன். ஆகவே இதைப் பழைய நினைவின் ஏக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு வழியில்லை. அப்படியென்றால் பழைய மைதானங்களின் தனித்தன்மை என்று நாம் சொல்வது எதை? கட்டடத்தையா, களத்துக்கு உள்ள நெருக்கத்தையா, அது நிற்கும் தெருவையா? அதைப் புதிதாகக் கட்ட முடியுமா, முடியாதா?

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியில் கடைசியாக வைத்த தெருவை நான் முதலில் வைப்பேன். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிழக்கு லண்டனில் இருப்பவன். வெஸ்ட் ஹாம் அணி 1904 முதல் 2016 வரை ஆடிய அப்டன் பார்க் மைதானத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. கிரீன் ஸ்ட்ரீட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும்: சேலைக் கடை, நகைக் கடை, குயின்ஸ் மார்க்கெட்டில் மரக்கறியும் மீனும், அவற்றோடு ஒட்டியபடியே 35,000 பேர் கொள்ளும் ஓர் உதைபந்தாட்ட மைதானம். உலகத்தில் வேறெந்த இடத்திலும் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பும் ஒருவர் குதிரைப்படைப் பொலிசுக்கும் சிவப்பும் நீலமும் உடுத்த பல்லாயிரம் பேருக்கும் வழிவிட்டு நிற்க வேண்டியிருந்திருக்காது.

அந்த மைதானத்துக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது, வந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, என் மகன் பிடிவாதம் பிடித்ததால். அதற்கு முன், ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் எங்களில் பலர் வீட்டைவிட்டு வெளியே வரவே தயங்கினோம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கிலாந்தின் மைதானங்களில் நிறவெறிக் கூச்சல் வழக்கமாக இருந்தது. அதன் அச்சம் தொண்ணூறுகளிலும் எங்கள் தெருக்களில் மிச்சமிருந்தது. பழைய மைதானங்களைப் பற்றி உருகிப் பேசுகிற எவரும் இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது என்பதற்காகவே முதலில் சொல்கிறேன்.

ஆனால் உள்ளே போகாத அந்தப் பத்து ஆண்டுகளிலும் மைதானம் எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டுதான் இருந்தது. கோல் விழுந்தால் சமையலறைச் சன்னல் கண்ணாடி மெல்ல அதிரும். சத்தத்தை வைத்தே எங்கள் அணி போட்டதா, வந்த அணி போட்டதா என்று என் மனைவி அடுப்படியில் நின்றபடி சொல்லிவிடுவார். சொந்த அணியின் கோலுக்கு ஒரே மூச்சில் எழும் சத்தம். எதிரணியின் கோலுக்குத் தொலைவில் ஒரு மூலையிலிருந்து மட்டும் மெல்லிய இரைச்சல், மற்றப்படி அமைதி. அந்த அமைதியைத்தான் அவர் கேட்டார். உதைபந்தாட்டத்தின் விதி ஒன்றும் அறியாத ஒரு பெண், ஆண்டுக்கு இருபது நாள் ஓர் அணியின் வெற்றி தோல்வியைக் காதால் அறிந்துகொண்டிருந்தார்.

எங்களுக்குப் பழகிய ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். மனோர் பார்க்கில் முருகன் கோயில் இருக்கிறது. கோயில் என்பது கருவறையும் கோபுரமும் மட்டுமா? தேர் வருகிற வீதி, வாசலில் கும்பம் வைத்துக் காத்திருக்கிற வீடு, தேர் திரும்புகிற முடக்கு, எல்லாம் சேர்ந்ததுதானே கோயில்? வீதியை விட்டுவிட்டுக் கோயிலை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்ப் பெருந்தெருக்கள் சந்திக்கும் வெட்டவெளியில் வைத்தால், பூசை நடக்கும்; தேர் எங்கே ஓடும்? அப்டன் பார்க்குக்கு நடந்தது இதுதான். 2016 மே 10ஆம் தேதி மான்செஸ்டர் யுனைட்டெட்டை 3-2 என்று வென்று, வின்ஸ்டன் ரீட் தலையால் முட்டிப் போட்ட கோலோடு அந்த மைதானத்தின் கதை முடிந்தது. அடுத்த பருவத்தில் அணி ஸ்ட்ராட்போர்டில் இருக்கும் ஒலிம்பிக் அரங்குக்குப் போய்விட்டது. தூரம் மூன்று மைல் இருக்கலாம். ஆனால் அங்கே ரயிலை விட்டு இறங்கி, பெரிய அங்காடி வளாகத்தைத் தாண்டி, பூங்காவுக்குள் நடந்துதான் அரங்கை அடைய வேண்டும். வழியில் எவருடைய வீட்டு வாசலும் இல்லை.

மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. வீடு இல்லாத ஊரில் வீடு கட்டியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் ஆட்ட நாட்களை நம்பியே சிற்றுண்டிக் கடை நடத்தினார். சனிக்கிழமைக்கென்று வெள்ளி இரவே மாவு பிசைந்து வைப்பார். அணி போன முதல் ஆகஸ்ட் மாதத்தில், பழக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வழமையான அளவுக்கு மாவு பிசைந்துவிட்டதாக என்னிடம் சொன்னார். அடுத்த ஆண்டு கடையை விற்றுவிட்டார்.

செங்கல்சூளை எழுதியது:

நான் கட்டுமானப் பொறியாளன். அரங்கக் கூரைகளை வடிவமைக்கும் குழுக்களில் சில ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். ஈஸ்ட்ஹாம்வாசி ஐயா தெருவைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதோடு நெருக்கம் என்பதையும் சேர்க்க வேண்டும். ஏனெனில் அது உணர்ச்சி சார்ந்தது மட்டும் அன்று, அளந்து காட்டக்கூடியது.

நெய்தலூரான் எரிச்சலோடும் அன்போடும் குறிப்பிட்ட அந்தத் தூணிலிருந்து தொடங்குகிறேன். லீச் தொழிற்சாலைக் கட்டடங்களிலிருந்து மைதான வேலைக்கு வந்தவர். அக்காலத்துத் தொழிற்கூடம்போலவே இரும்புத் தூண்களை வரிசையாக நட்டு, அவற்றின்மேல் ஒரு தளத்தையும் கூரையையும் ஏற்றினார். தூண் பார்வையை மறைக்கிறது என்பது உண்மை. ஆனால் தூண் இருந்ததால்தான் மேல்தளம் கீழ்த்தளத்தின் தலைக்கு நேர்மேலே வந்து உட்கார முடிந்தது; மேல்தளத்தில் இருப்பவரும் களத்தின் ஓரக்கோட்டுக்கு அருகிலேயே இருந்தார். 1950களின் இறுதியில் தொடங்கி, முன்பக்கம் தூணே இல்லாமல் பின்னாலிருந்து நீளும் கூரைகள் பிரிட்டனுக்கு வந்தன. ஸ்கந்தார்ப்பில் 1958இல் ஒன்று, ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகத்தின் மைதானத்தில் 1961இல் அதைவிடப் பெரியதாக ஒன்று. பார்வைத் தடை நீங்கியது. அதற்கு விலையாக மேல்தளம் பின்னுக்கும் மேலுக்கும் போனது. இரு தளங்களுக்கும் நடுவே விருந்தினர் அறைகளை ஒரு வளையமாகச் செருகத் தொடங்கியபோது அது இன்னும் உயரப் போனது.

இன்னொரு காரணம், நாங்கள் சி மதிப்பு என்று சொல்லும் அளவு. முன்வரிசையில் இருப்பவரின் கண்ணுக்கு எத்தனை மில்லிமீட்டர் மேலாக உங்கள் பார்வைக்கோடு செல்கிறது என்பதே அது. 90 என்றால் நல்லது, 120 என்றால் மிகச் சிறந்தது, 60க்குக் கீழே போகக் கூடாது. பழைய மாடங்களில் இப்படியொரு கணக்கைப் பார்த்துக் கட்டவில்லை. இன்று ஒவ்வொரு வரிசைக்கும் இந்த அளவைத் தர வேண்டுமானால் மாடத்தைச் செங்குத்தாக்க வேண்டும். செங்குத்துக்கும் ஏறத்தாழ 34 பாகை என்று ஓர் எல்லை உண்டு. வரிசைக்கு வரிசை இடைவெளியும் 80 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. இவை எல்லாம் சேர்ந்து கடைசி வரிசையைக் களத்திலிருந்து தள்ளிக்கொண்டு போகின்றன. 1948இல் குடிசனில் லிவர்பூலுக்கு எதிரான ஆட்டத்தை 78,299 பேர் பார்த்தார்கள். அதே மைதானம் கடைசி நாட்களில் 39,000 பேரைச் சற்றே தாண்டித்தான் கொண்டது. நெருக்கம் என்று நாம் போற்றுவது, ஒரு மனிதனுக்கு ஒதுக்கிய இடம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதன் மறுபெயரும்தான்.

அந்தக் குறைவு உயிர்களைக் கொன்றிருக்கிறது. 1902இல், லீச் வடிவமைத்த கிளாஸ்கோவின் ஐபுராக்ஸ் மைதானத்தில், ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஆடிக்கொண்டிருந்தபோது பார்வையாளர்கள் நின்ற மரப்படி வரிசை உடைந்து 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அவர் மண்மேட்டின்மேல் படிகளை அமைத்துத் தடுப்புக்கம்பிகள் நடும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1985 மே 11ஆம் தேதி பிராட்ஃபோர்டில், மரத்தால் ஆன பழைய மாடத்தின் அடியில் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பற்றி, சில நிமிடங்களில் மாடம் முழுவதும் எரிந்து 56 பேர் மாண்டார்கள். 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசல் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைக் குடித்தது. அதை ஆராய்ந்த நீதிபதி டெய்லரின் அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. உயர்நிலை மைதானங்களில் அனைவருக்கும் இருக்கை என்ற ஏற்பாடு அதிலிருந்து பிறந்தது. நான் வரைபடத்தில் ஒரு வெளியேறும் வழியை ஒரு மீட்டர் அகலப்படுத்தும்போது, இந்த எண்களை நினைத்துக்கொண்டே அதைச் செய்வேன்.

ஆகவே பழைய மைதானத்தை அப்படியே வைத்திருந்திருக்கலாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் தனித்தன்மை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு விடை இருக்கிறது: இடநெருக்கடியிலிருந்து. குடிசனின் மூலையில் தேவாலயம் இருந்ததால் அந்த மூலையில் மாடம் கட்ட முடியவில்லை. லூட்டன் அணியின் கெனில்வொர்த் ரோடு மைதானத்தில், வெளியூர் ரசிகர்கள் வரிசை வீடுகளுக்கு நடுவே, வீட்டு வாசல் போன்ற ஒரு திறப்பின் வழியாக நுழைந்து, குடியிருப்பவர்களின் கொல்லைப்புறத்துக்கு மேலே படியேறிப் போகிறார்கள். போனஸ் அயர்ஸில் போக்கா ஜூனியர்ஸின் லா பொம்பொனேரா, 1940இல் திறக்கப்பட்டபோது நிலம் போதாததால், மூன்று பக்கம் செங்குத்தாக எழுந்து நாலாவது பக்கம் தட்டையாக நின்றுவிட்டது. இவற்றை எவரும் அழகுக்காக வரையவில்லை. தெரு விட்டுக்கொடுக்க மறுத்த இடங்களில் கட்டடம் வளைந்து கொடுத்தது. அந்த வளைவுதான் நாம் அடையாளம் காணும் முகம். வெற்று நிலத்தில் கட்டும்போது எதனோடும் முட்டாமல் நாற்புறமும் ஒரே சீரான கிண்ணம் கிடைக்கிறது.

நெருக்கத்தை மட்டும் முயன்றால் திரும்பப் பெறலாம். லண்டனின் டாட்டனம் அணி தன் பழைய இடத்திலேயே 2019இல் திறந்த அரங்கில் 17,500 பேர் அமரும் ஒற்றை அடுக்கு மாடம் ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் ஒலி எப்படிச் சேர்கிறது என்பது புரியும். 2022 முதல் இங்கிலாந்தின் உயர்நிலை ஆட்டங்களில், கம்பி பொருத்திய இருக்கைகளுக்கு முன் பாதுகாப்பாக நின்று பார்ப்பதற்கும் மீண்டும் அனுமதி உண்டு. ஓட்டப்பந்தயத் தடத்துக்காகக் கட்டிய அரங்கைக் கால்பந்துக்கு மாற்றும்போதுதான் எந்தப் பொறியாளராலும் ஈடுகட்ட முடியாத தூரம் வந்து சேர்கிறது.

மாலதி_யார்க்‌ஷயர் எழுதியது:

இந்த இழையில் எல்லோரும் படியேறக்கூடியவர்களாக எழுதுகிறீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அண்ணா. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சக்கர நாற்காலியில்தான் வெளியே வருவார். கால்பந்து என்றால் அவருக்கு உயிர்.

வட இங்கிலாந்தில் பெயர்பெற்ற பழைய மைதானம் ஒன்றுக்கு அவரை அழைத்துச் சென்றேன். சக்கர நாற்காலிகளுக்கான இடம் களத்தின் மட்டத்திலேயே, கோலுக்குப் பக்கவாட்டில் இருந்தது, கூரை இல்லை. மழை பெய்தது. முன்னால் பாதுகாவலர்கள் நடந்துகொண்டே இருந்ததால் பாதி ஆட்டம் அவர்களுடைய மஞ்சள் மேலங்கியாகத்தான் தெரிந்தது. அவருடன் நான் ஒருத்தி மட்டுமே இருக்கலாம். என் தம்பிக்கு வேறு மாடத்தில் சீட்டு. கழிப்பறைக்கு அவரை அழைத்துப் போய்த் திரும்ப இடைவேளை முழுவதும் போனது. பெண்களுக்கான கழிப்பறை அந்த மாடத்தில் ஒன்றே ஒன்று, அதற்கும் நீண்ட வரிசை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பியதும், இனிமேல் தொலைக்காட்சியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதிய அரங்கு ஒன்றில் மின்தூக்கியில் ஏறி நடுத்தளத்துக்குப் போனோம். முன்வரிசையில் எல்லோரும் எழுந்து நின்றாலும் மறைக்காத உயரத்தில் மேடை அமைத்திருந்தார்கள். என் தம்பி பக்கத்து இருக்கையில். ஒரு கோல் விழுந்தபோது அப்பா தம் நல்ல கையால் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கத்தினார். அந்த அரங்கின் சுவரில் எந்த வரலாறும் இல்லைதான். பழையவற்றிலும் இந்த வசதிகளைச் செய்ய முயன்றார்கள் என்பது எனக்குத் தெரியும்; பிரீமியர் லீக் கழகங்கள் 2017 ஆகஸ்டுக்குள் மாற்றுத்திறனாளிகளுக்கான ஏற்பாடுகளை மேம்படுத்துவதாக 2015இல் ஒப்புக்கொண்டன. ஆனால் செங்கல்சூளை அவர்கள் சொன்ன அதே இடநெருக்கடிதான் அங்கே குறுக்கே நின்றது. நீங்கள் முகம் என்று சொல்வது, என் அப்பாவுக்கு அடைத்த கதவாக இருந்தது.

ஹூக்ளிக்கரை எழுதியது:

மாலதி அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவன் என்ற முறையில், நம் நாட்டிலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன்.

அங்கே பழையதும் புதியதும் ஒன்றையொன்று அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மைதான் என்று பொதுப்பெயராலேயே அழைக்கப்படும் பெரிய புல்வெளியில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களுக்கும் தனித்தனி மைதானங்கள் உண்டு. நிலம் இராணுவத்துக்குச் சொந்தம் என்பதால் நினைத்தபடி காங்கிரீட் எழுப்ப முடியாது. அதனால்தான் மரப் பலகைக் கேலரிகள் அவ்வளவு காலம் நீடித்தன. 1911 ஜூலை 29ஆம் தேதி மோகன் பகான், வெள்ளையர் படைப்பிரிவான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. (இந்தியக் கால்பந்துச் சங்கம்) கேடயத்தைக் கைப்பற்றியதும் இதே புல்வெளியில்தான். சீட்டுக் கிடைக்காதவர்கள் கூட்டத்தின் பின்னால் நின்று, அட்டைக்குழாயில் இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சாய்வாகப் பொருத்திய கருவியால் தலைகளுக்கு மேலாக ஆட்டம் பார்ப்பார்கள். என் தாத்தாவிடம் அப்படி ஒன்று இருந்தது. குழாயின் வெளிப்புறம் வியர்வையில் ஊறி மென்மையாகிவிட்டதால், நடுவில் சணல் கயிறு சுற்றி வைத்திருந்தார்.

பெரிய ஆட்டங்களுக்காக 1984இல் சால்ட் லேக்கில் யுவ பாரதி அரங்கு வந்தது. 1997 ஜூலை 13ஆம் தேதி, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதியபோது 1,31,781 பேர் அங்கே இருந்தார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. காங்கிரீட் படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்த அந்தக் கூட்டத்தின் சத்தத்தைக் களத்தைச் சுற்றிய ஓட்டத்தடமோ தூரமோ குறைத்ததாக எவரும் சொல்ல மாட்டார்கள். 2017இல் பதினேழு வயதுக்குட்பட்டோருக்கான உலகக்கோப்பை இறுதியாட்டத்துக்காக அதே அரங்கில் தனித்தனி இருக்கைகள் பொருத்தினார்கள். கொள்ளளவு வெகுவாகக் குறைந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. 1980 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஈடன் கார்டன்ஸில் இதே இரு அணிகளின் ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கொல்கத்தாவில் ரசிகர்கள் இரத்ததானம் செய்கிறார்கள்.

இங்கே எவரும் தொடாத ஒன்று, சீட்டின் விலை. ரியோவின் மரக்கானாவில், களத்தை ஒட்டிய தாழ்ந்த வளையத்தில் நின்றபடி மிகக் குறைந்த கட்டணத்தில் ஆட்டம் பார்க்கும் பகுதி ஒன்று இருந்தது. அதை 2005இல் மூடிவிட்டார்கள். கூலித்தொழிலாளி நின்ற இடம் அது. கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த மனிதனை வெளியே நிறுத்திவிட்டால் உள்ளே இருப்பது வேறு கூட்டம். அதன் பாட்டும் வேறாகிவிடுகிறது. மைதானின் மரக் கேலரியில் எங்கள் தாத்தாவும், அவருடைய அலுவலக மேலாளரும், அந்த மேலாளரின் வண்டியோட்டியும் ஒரே பலகையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

நெய்தலூரான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் கட்டடம், நெருக்கம், தெரு என்று மூன்றைப் பிரித்துக் கேட்டேன். நீங்கள் மூன்றும் பிரிக்க முடியாதவை என்பதையும், அவற்றோடு யார் உள்ளே வர முடிந்தது என்ற நாலாவது ஒன்றையும் காட்டிவிட்டீர்கள். மாலதி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தூணுக்காக ஒரு வரிசையே சாய்ந்ததை நான் அவ்வளவு மகிழ்ச்சியாக எழுதினேன். சாய முடியாதவர் அந்த வரிசைக்கு வந்திருக்கவே முடியாது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

சீட்டு விலையைப் பற்றி ஹூக்ளிக்கரை சொன்னதற்கு, எங்கள் ஊரிலேயே சான்று உண்டு. 2016 பிப்ரவரியில், லிவர்பூல் அணியின் ஆன்ஃபீல்ட் மைதானத்துப் புதிய மாடத்தில் சில இருக்கைகளுக்கு 77 பவுண்டு என்று அறிவித்தபோது, சண்டர்லாண்டுக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கான லிவர்பூல் ரசிகர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். சில நாட்களில் நிர்வாகம் அந்த விலையைக் கைவிட்டது. லிவர்பூல் இடம்பெயராமல் பழைய மைதானத்தையே பெரிதாக்கிக்கொண்டது என்பதும் உண்மை. ஆனால் அதற்காகச் சுற்றியிருந்த தெருக்களில் வீடுகள் இடிக்கப்பட்டன. தெருவைக் காக்க அங்கேயே இருப்பது ஒன்றுதான் வழி என்று நினைத்திருந்தேன்; அங்கேயே இருந்தும் தெருவை விழுங்க முடியும் என்பதை அந்தப் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஒரு நல்ல செய்தி: குடிசனை இடிக்கவில்லை. எவர்ட்டனின் பெண்கள் அணி இப்போது அங்கே ஆடுகிறது. போன மாதம் போயிருந்தேன். மாடங்கள் முழுவதும் நிறையவில்லை. அதனால் தூணை விட்டு விலகிய இருக்கையில் வசதியாக உட்கார முடிந்தது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு சிறுமிகள் மர நாற்காலியை வேண்டுமென்றே மடக்கியும் விரித்தும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஈஸ்ட்ஹாம்வாசி ஐயா, அடுத்த வாரம் லண்டன் வருகிறேன். அப்டன் பார்க் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா?

ஈஸ்ட்ஹாம்வாசி எழுதியது:

இருக்கிறது, தம்பி. அப்டன் பார்க் ரயில் நிலையத்தில் இறங்கிக் கிரீன் ஸ்ட்ரீட்டில் தெற்கு நோக்கி நடவுங்கள். பார்க்கிங் ரோடு (Barking Road) சந்திப்பில் 1966 உலகக்கோப்பையோடு இங்கிலாந்து அணித்தலைவர் பொபி மூரைத் தோளில் தூக்கி நிற்கும் சிலை இருக்கிறது. ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ், ரே வில்சன் ஆகிய மூவரும் உடன் நிற்கிறார்கள். வில்சன் அப்போது உங்கள் எவர்ட்டன் ஆட்டக்காரர். சனிக்கிழமை வாருங்கள். சிலையைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிடலாம். நான் சந்திப்பிலேயே வந்து நிற்கிறேன்.